டிரெய்லர் பேட்டரி ஏன் இறங்கிக்கொண்டே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் மாதம் ஒரு பரீட்சை. அக்டோபரில் குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு மூடிவைத்த டிரெய்லரைத் திறந்து சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியாது. உடனே எனக்குத் தொலைபேசி வரும். நான் மெக்கானிக் இல்லை. 23 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை ஒன்பது வருடமாக இழுத்துக்கொண்டு திரிபவன். முதல் இரண்டு வருடத்தில் இரண்டு நல்ல பேட்டரிகளை அநியாயமாகக் கொன்றவன் என்பதுதான் என் தகுதி. நண்பர்கள் கேட்டவற்றைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் அமெரிக்க வண்டிகளுக்கு உரியவை: உள்ளே 12 வோல்ட், வெளியிலிருந்து செருகும் மின்சாரம் 120 வோல்ட்.

ஆர்.வி.யில் எத்தனை பேட்டரி இருக்கிறது? எது இறங்குகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் ஹோம் என்றால் இரண்டு வகை இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வது ஒன்று. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி போன்ற வீட்டு வேலைகளைக் கவனிக்கும் ஹவுஸ் பேட்டரி மற்றொன்று. பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரில் ஹவுஸ் பேட்டரி மட்டும்தான். பெரும்பாலும் முன்பக்கம், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடுகிறது, ஆனால் உள்ளே விளக்கு எரியவில்லை என்றால் இறங்கியது ஹவுஸ் பேட்டரி. இந்தப் பக்கத்தில் பேசுவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ஊரில் வீட்டு இன்வெர்ட்டரோடு பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே ஒரே பெட்டி பேட்டரியையும் நிரப்பும், மின்சாரம் போனால் விசிறியையும் சுற்றவைக்கும். இங்கே அந்த இரண்டு வேலைக்கும் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள். 120 வோல்ட்டை வாங்கிப் பேட்டரியை நிரப்புவது கன்வெர்ட்டர். பேட்டரியிலிருந்து 120 வோல்ட் தயாரிப்பது இன்வெர்ட்டர். அது எல்லா வண்டியிலும் இருக்காது. பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் கடையில் தவறான பொருளை வாங்கி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது. 12 வோல்ட் பேட்டரிதானே, நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை. 12.0 என்றால் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். சாதாரண ஈய அமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். நிறைவுக்கும் காலிக்கும் நடுவில் முக்கால் வோல்ட்தான் இடைவெளி. அதனால் சுவரில் சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்குப் பலகையை நம்பாமல் இருபது டாலருக்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மீட்டரை வாங்கிவிடுங்கள்.

அளப்பதற்கும் நேரம் காலம் உண்டு. சார்ஜிலிருந்து எடுத்த உடனே அளந்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் தாழ்ந்து காட்டும். எல்லாவற்றையும் நிறுத்தி, சில மணி நேரம் சும்மா விட்டு, பிறகு அளக்க வேண்டும். அப்படி ஓய்வில் விட்டும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் செய்தாலும் மேலே ஏறவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்கும். ஓர் அறைக்கு 2.1 வோல்ட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அந்த பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டினேன். பத்து நாளில் பேட்டரி எப்படிக் காலியாகும்?

நீங்கள் அணைத்தது சுவிட்ச் உள்ளவற்றை. சுவிட்சே இல்லாமல் இரவும் பகலும் குடித்துக்கொண்டிருப்பவை வேறு. கேஸ் கசிந்தால் கத்தும் டிடெக்டர் 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். ரேடியோ தன் கடிகாரத்துக்காகக் கொஞ்சம், நீல விளக்கு எரியும் யூ.எஸ்.பி. முனைகள் கொஞ்சம், டி.வி. ஆன்டெனாவின் பூஸ்டர் கொஞ்சம், அணைக்க மறந்த ஃப்ரிட்ஜின் மின்னணுப் பலகை இன்னும் கொஞ்சம். சொட்டும் குழாயின் கீழே வாளியை வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் நிறைந்திருக்குமே, அதே கதைதான் தலைகீழாக.

கணக்கு இதுதான். எல்லாம் சேர்ந்து 0.4 ஆம்பியர் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 9.6 ஆம்பியர்‑மணி. டிரெய்லரோடு வரும் சிறிய பேட்டரி ஏறக்குறைய 80 ஆம்பியர்‑மணி கொள்ளும். நான்கே நாளில் பாதி, எட்டு நாளில் காலி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, பிறகு பழைய கொள்ளளவு திரும்பாது. நான் கொன்ற இரண்டும் இப்படிப் போனவைதான்.

பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்சையும் அணைத்தேன். அப்படியும் இறங்கியதே?

அந்த சுவிட்சின் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பல வண்டிகளில் அது எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக் போடும் அவசர சுவிட்ச் கட்டாயம் அதைச் சுற்றிக்கொண்டு நேரே பேட்டரிக்குப் போகும், போகவும் வேண்டும். சில வண்டிகளில் கேஸ் டிடெக்டர், சோலார் கன்ட்ரோலர், முந்தைய உரிமையாளர் தன் கையால் சேர்த்த எதுவோ ஒன்று ஆகியவையும் அப்படித்தான்.

முனையில் எத்தனை ஒயர் கோத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாசிட்டிவ் முனையில் ஒரு தடித்த ஒயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மெல்லிய ஒயர்கள் இருந்தால் அவை சுவிட்சை ஏமாற்றிவிட்டு வந்தவை. மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் நெகடிவ் முனையிலிருக்கும் எல்லா ஒயரையும் கழற்றி வைப்பதே உறுதியான வழி. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் எந்த ஒயர் எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, அண்ணா?

முதலில் பேட்டரியை முழுவதும் நிரப்புங்கள். வெளி மின்சாரத்தைப் பிடுங்குங்கள். கூரையில் சோலார் தகடு இருந்தால் போர்வையால் மூடுங்கள், அல்லது அதன் ஃபியூஸை எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வருவதும் வெளியே போவதும் கலந்து எண் புரியாது. வண்டிக்குள் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் துளைக்கு மாற்றி, திருகியை நேர்மின்னோட்ட ஆம்பியருக்குத் திருப்புங்கள். இப்போது பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் நெகடிவ் முனைக்கும் நடுவே மீட்டரைப் பாலமாக வையுங்கள். போகிற கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போகும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: ஆம்பியரில் இருக்கும் மீட்டரைப் பாசிட்டிவுக்கும் நெகடிவுக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள், மீட்டர் நடுவில் இருக்கும்போது ஹீட்டரையோ படி மோட்டாரையோ ஓடவிடாதீர்கள். முதலாவதில் தீப்பொறி பறக்கும், இரண்டாவதில் மீட்டரின் ஃபியூஸ் போகும்.

சில நிமிடம் பொறுங்கள். இணைத்தவுடன் டிடெக்டரும் ரேடியோவும் விழித்து அதிகமாக எடுக்கும், பிறகு அடங்கும். எண் நிலைத்த பிறகு உள்ளே இருக்கும் ஃபியூஸ் பலகையில் ஒன்றை எடுங்கள், மீட்டரைப் பாருங்கள், திரும்பச் செருகுங்கள், அடுத்தது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால் வேலை சுலபம். எந்த ஃபியூஸில் எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியே நான் மீட்டரோடு, உள்ளே என் மகள் ஃபியூஸோடு. மீட்டரில் 1.52. மூன்று ஃபியூஸ் எடுத்தும் அசையவில்லை. நான்காவதை எடுத்ததும் 0.11. அந்த ஃபியூஸுக்கு நேரே "விளக்குகள்" என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாமான் அறையைத் திறந்தேன். மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால், சுருட்டி வைத்த பாய் சுவிட்சை அழுத்தியபடி, ஒரு பழைய இழை பல்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த பிளாஸ்டிக் மூடி பழுப்பேறி, தொட்டால் சுட்டது. அந்த 18 வாட் பல்பு தனியாக 1.4 ஆம்பியர், நாளுக்கு 34 ஆம்பியர்‑மணி. அதற்காகத்தான் இரண்டு பேட்டரி வாங்கியிருக்கிறேன்! அன்றே எல்லாப் பல்பையும் எல்.இ.டி.க்கு மாற்றினேன், அந்த ஒரு சுவிட்சை மட்டும் இன்றைக்கும் பூட்டும் முன் தொட்டுப் பார்க்கிறேன்.

100 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. அது அதிகமா?

டிடெக்டரும் ரேடியோவும் மட்டும் இருக்கும் எளிய டிரெய்லருக்கு அது இயல்புதான். நாளுக்கு 2.4 ஆம்பியர்‑மணி, இரண்டு வாரம் தாங்கும். புதிய வண்டிகளில் கைபேசி வழியாக இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகைகள் சேர்ந்து அரை ஆம்பியர்கூட வரலாம், அதில் பழுது எதுவும் இருக்காது. ஓர் ஆம்பியரைத் தாண்டினால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, தேடுங்கள்.

கேஸ் டிடெக்டர்தான் குடிக்கிறது என்றால் அதன் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

ஆள் தூங்கும் வண்டியில் கூடாது. பிள்ளைகளோடு படுத்திருக்கும் பெட்டிக்குள் புரோப்பேன் கசிந்தால் சொல்ல வேறு ஆள் இல்லை. வண்டியைப் பூட்டி, சிலிண்டரை மூடி, யாரும் இல்லாமல் நிறுத்திவைக்கும் மாதங்களில் மேலே சொன்னபடி நெகடிவ் ஒயரையே கழற்றிவிட்டால் டிடெக்டரும் தானாக ஓய்ந்துவிடும். அதைத் தனியாகப் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை.

அதன் பின்பக்கத்தில் தேதி இருக்கும். ஐந்து முதல் ஏழு வருடத்தில் அதன் ஆயுள் முடிந்து, விடாமல் கத்தத் தொடங்கும். பேட்டரி இறங்கினாலும் கத்தும். நடு இரவில் கத்தினால் முதலில் எல்லோரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வோல்ட் பார்ப்பது அதற்குப் பிறகு.

ஃப்ரிட்ஜ் கேஸில்தான் ஓடுகிறது. அதற்கு எதற்குக் கரண்ட்?

குளிர்விப்பது கேஸ் சுடர். சுடரைப் பற்றவைப்பது, அணைந்துவிட்டதா என்று பார்ப்பது, வால்வைத் திறந்து பிடிப்பது எல்லாம் 12 வோல்ட் பலகை. அது கால் ஆம்பியர், அரை ஆம்பியர் எடுக்கும். கதவு விளிம்பில் நீர் கோக்காமல் இருக்கச் சில ஃப்ரிட்ஜுகளில் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அது இன்னும் கொஞ்சம் எடுக்கும், அதற்குத் தனி சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து கேஸ், 120 வோல்ட், பேட்டரி மூன்றிலும் ஓடும் மூன்றுவழி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதை பேட்டரிக்குத் திருப்பினால் ஒரு சூடாக்கும் கம்பி 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்கு. நிறுத்திய பிறகு மறந்தால் மாலைக்குள் பேட்டரி படுத்துவிடும். இப்போது வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வேறு இனம். கேஸே வேண்டாம், ஆனால் நாளுக்கு 40 முதல் 70 ஆம்பியர்‑மணி கேட்கும். அதைக் கசிவு என்று சொல்ல முடியாது, சாப்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஃப்ரிட்ஜோடு ஒற்றைச் சிறு பேட்டரி வைத்து விற்கப்படும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இரவில் ஹீட்டர் போட்டோம். விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர்காற்று அடிக்கத் தொடங்கியது. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது.

சூடு கேஸிலிருந்து, காற்று பேட்டரியிலிருந்து. அந்த விசிறி 7 முதல் 10 ஆம்பியர் எடுக்கும். ஒன்பது மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்‑மணி போய்விடும். சிறிய பேட்டரியின் பாதி அளவு அதோடு தீர்ந்தது.

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பேட்டரி தளர்ந்ததும் விசிறி மெதுவாகச் சுற்றும். போதுமான காற்று வீசுகிறதா என்று பார்க்க உள்ளே துடுப்பு போல ஒரு சின்னத் தகடு இருக்கிறது. காற்று அதைத் தள்ளினால்தான் பர்னர் பற்றும். தளர்ந்த காற்றுக்கு அந்தத் தகடு அசையாது, பர்னர் பற்றாது. வெப்பமானி மட்டும் "இன்னும் குளிர்கிறதே" என்று விசிறியை ஓட்டிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருந்த சார்ஜ் உங்கள் மீது குளிர்காற்றை ஊதியே தீர்ந்துபோகும். பழுது பார்க்கும் கடைக்கு ஹீட்டரைக் கொண்டுபோகும் முன் வோல்ட்டைப் பாருங்கள்.

புது பேட்டரி போட்டும் அதே கதைதான். செருகியிருந்தால் எல்லாம் எரிகிறது, பிடுங்கினால் ஒரு மணி நேரத்தில் அணைகிறது.

இது கசிவு இல்லை. வாளியில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்; குழாயே திறக்கவில்லை. வெளி மின்சாரத்தில் செருகியிருக்கும்போது விளக்குகள் எரிவது கன்வெர்ட்டர் நேரே கொடுப்பதால். அது பேட்டரி வரை போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி.

செருகுவதற்கு முன் பேட்டரி முனையிலேயே வோல்ட் பாருங்கள், செருகிய பிறகும் பாருங்கள். 12.3 என்று இருந்தது 13.2க்கு மேல், 13.6 அல்லது 14.4 பக்கம் ஏறினால் சார்ஜ் வருகிறது. துளியும் ஏறவில்லை என்றால் வழியில் ஏதோ அறுந்திருக்கிறது. கன்வெர்ட்டர் பலகையில் மற்றவற்றிலிருந்து தள்ளி, பெரும்பாலும் ஜோடியாக, 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ்கள் இருக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் நெகடிவை யாராவது ஒரு நொடி மாற்றி வைத்தால் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அவை எரிந்துபோகும். புது பேட்டரி மாட்டிய அன்றிலிருந்து சார்ஜ் ஏறவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். மாட்டியவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதன் பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரேக்கர், டிஸ்கனெக்ட் சுவிட்ச், பச்சை பூத்த முனைகள். டிஸ்கனெக்ட் சுவிட்ச் அணைந்திருந்தால் பல வண்டிகளில் சார்ஜும் ஏறாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான்கு மணி நேரம் இழுத்துக்கொண்டு வந்தேன். வண்டியே பேட்டரியை நிரப்பியிருக்க வேண்டாமா?

இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஏழு முனை இணைப்பில் ஒரு முனை சார்ஜுக்கு உண்டு. ஆனால் பிக்கப்பின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லரின் பேட்டரி வரை அந்த மெல்லிய ஒயர் நீண்டு வருவதற்குள் வோல்ட் குறைந்துவிடும். வந்து சேர்வது சில ஆம்பியர்கள்தான். நான்கு மணி நேரத்தில் 20, 30 ஆம்பியர்‑மணி கிடைத்தால் நல்ல வரவு. மூன்றுவழி ஃப்ரிட்ஜ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் மிஞ்சாது. போய்ச் சேரும்போது கிளம்பியதைவிடக் குறைவாகவே இருக்கும்.

டிரெய்லரைக் கழற்றாமல் ஓர் இரவு தங்கினோம். காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை.

முந்தைய கேள்வியின் அதே ஒயர்தான். சில வண்டிகளில் இன்ஜினை நிறுத்தியதும் சார்ஜ் முனை தானாகத் துண்டிக்கப்படும், சிலவற்றில் துண்டிக்கப்படாது. துண்டிக்கப்படாவிட்டால் இரண்டு பேட்டரியும் ஒன்றாகக் காலியாகும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, வண்டியின் சாக்கெட்டில் அந்த முனையை மீட்டரால் அளந்தால் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் இரவில் அந்த இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

காலையில் நிறைந்திருந்த பேட்டரி மதியத்துக்குள் காலி. டிரெய்லரை நகர்த்தப் பார்த்தால் சக்கரமும் சுற்றவில்லை.

அவசர பிரேக் சுவிட்சின் ஊசி கழன்றிருக்கிறது. டிரெய்லரின் முன் நாக்கில் ஒரு மெல்லிய கம்பிக் கயிற்றின் நுனியில் செருகியிருக்கும் ஊசி அது. உருவினால் மின்காந்த பிரேக்குகள் முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு பிரேக்குக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர், நான்கு பிரேக்குக்கு 12. சிறிய பேட்டரி ஆறேழு மணி நேரம் தாங்கினால் பெரிது. பிரேக்கின் காந்தங்களும் சூடேறிக் கெடும்.

பார்க்கிங் பிரேக் என்று நினைத்து அதை வேண்டுமென்றே உருவிவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அந்த சுவிட்சைச் சோதிக்க வேண்டுமானால் இழுக்கும் வண்டியின் ஏழு முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, ஊசியைச் சில நொடிகள் மட்டும் உருவிப் பாருங்கள்.

சின்ன சோலார் தகடு ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?

கசிவு எவ்வளவு என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. 10 வாட் தகடு நல்ல வெயில் நாளில் இரண்டு, இரண்டரை ஆம்பியர்‑மணி தரும். 100 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அது சரிக்குச் சரி. என் சாமான் அறை பல்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூரையில் படுத்திருக்கும் 100 வாட் தகடு கோடையில் 25, 30 தரும். டிசம்பரில் சூரியன் தாழ்ந்து, மேலே பனியும் மூடிக்கிடந்தால் ஒன்றும் தராது. கூடாரம் போட்ட நிறுத்துமிடத்தில் வைத்துவிட்டு "சோலார் வேலை செய்யவில்லை" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

லித்தியம் பேட்டரிக்கு மாறினேன். இப்போது 0 வோல்ட் காட்டுகிறது. ஆயிரம் டாலர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருக்கும் காவல் பலகை, அறைகள் ஆபத்தான அளவுக்கு இறங்கியதைப் பார்த்து வாசலைச் சாத்தியிருக்கிறது. அதனால் முனையில் வோல்ட் இல்லை. லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை மாட்டினால் திறந்துகொள்ளும். சாதாரண சார்ஜர்கள் சில, எதிரே வோல்ட் தெரியாததால் வேலையைத் தொடங்கவே மாட்டா. எழுப்பிய பிறகு உடனே முழுவதும் நிரப்புங்கள்.

மேலே கொடுத்த வோல்ட் கணக்கு லித்தியத்துக்குப் பொருந்தாது. நிறைந்ததிலிருந்து ஏறக்குறையக் காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுத் திடீரென்று விழும். எவ்வளவு மிச்சம் என்று அறிய, போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணும் ஷன்ட் மானி ஒன்று வேண்டும். தண்ணீர் உறையும் குளிரில், அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அதை சார்ஜ் செய்யக் கூடாது. இறக்கலாம், ஏற்றக் கூடாது.

குளிர்காலம் முழுவதும் செருகியே வைத்துவிட்டால் என்ன?

அது கன்வெர்ட்டரைப் பொறுத்தது. நிறைந்ததும் தானே 13.2 பக்கம் இறங்கிக்கொள்ளும் வகையானால் வைக்கலாம். எப்போதும் 13.6க்கு மேலேயே நிற்கும் பழைய வகை, பேட்டரியில் இருக்கும் தண்ணீரை மெல்ல ஆவியாக்கிவிடும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அதை மூடும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஆன பிறகு மீதியை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

காலி பேட்டரியைக் குளிரில் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. நிறைந்த பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 7 டிகிரியிலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். உப்பியிருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள்.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். கசிவு அப்படியே நிற்கிறது.

அப்படியானால் அது ஃபியூஸ் பலகைக்கு முன்னாலேயே இருக்கிறது. முனையில் இருக்கும் மெல்லிய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் தடித்த ஒயரையும் கழற்றுங்கள். எதுவும் செருகாமல் சும்மா ஆன் செய்துவைத்தாலே பெரிய இன்வெர்ட்டர் ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியர் தின்னும். கடைசியில் கன்வெர்ட்டரின் பாசிட்டிவ் ஒயர். உள்ளே பழுதான கன்வெர்ட்டர் தலைகீழாகக் குடிப்பதுண்டு.

இரண்டு பேட்டரிகளைப் பக்கவாட்டில் இணைத்திருந்தால் அவற்றையும் பிரித்து, தனித்தனியே நிரப்பி, ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள். ஒன்று நோயாளியானால் மற்றதையும் குடித்துவிடும். வெளியே எதுவும் இழுக்காமலே இரண்டும் இறங்கும்.

எத்தனை முறை அளந்தாலும் 0.08 ஆம்பியர்தான். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் பேட்டரி செத்துவிடுகிறது.

எனக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கேட்டவர் கவனமான ஆள். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, அளந்து, நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தேன். அளந்ததெல்லாம் செப்டம்பர், மே, ஜூன். எல்லாமே வெயில் மதியங்கள்.

அவருடைய வண்டியின் அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டிகள் உறையாமல் இருக்க ஒட்டியிருக்கும் சூடாக்கும் பட்டைகள் உண்டு. உள்ளே ஒரு சுவிட்ச். அதை ஆன் செய்து வைத்தாலும் பட்டைகள் உடனே வேலை செய்யாது. தொட்டி ஏறக்குறைய 7 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் தாமாகத் தொடங்கும், சூடேறியதும் தாமாக நிற்கும். ஒரு பட்டை 12 வோல்ட்டில் பல ஆம்பியர் இழுக்கும், அவரிடம் மூன்று இருந்தன. ஜூன் மதியத்தில் மீட்டர் உண்மையைத்தான் சொன்னது. தண்ணீரை வடித்து மூடிய காலித் தொட்டிகளை ஒவ்வொரு குளிர்கால இரவும் அந்தப் பட்டைகள் சூடாக்கிக்கொண்டிருந்தன. சுவிட்ச் சமையல் அடுப்புக்கு மேலே, காற்றுப்போக்கி விசிறியின் சுவிட்சுக்குப் பக்கத்தில், அதே வெள்ளை நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது ஆன் நிலையிலேயே இருந்திருக்கிறது.